கேட்டுக்கொள்ள வந்தவர்

ஜனங்களின் கோபத்தைக் கேட்டுக்கொள்வதற்காகவே சம்பளம் வாங்கிய ஒருவருடன் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். மக்கள் தொடர்பு அதிகாரி என்பது கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர். அந்தப் பதவியில் அவர் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

எண்பதுகளின் பின்பாதி அது. காரிமங்கலத்துக்குச் சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டி, ஓர் எண்ணெய்க் கம்பெனியின் டெப்போ இருந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் அங்கே பெரிய டேங்குகளில் நிரம்பிக் கிடக்கும். டேங்கர் லாரிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு மாவட்டமெங்கும் போகும். நான் அந்த டெப்போ ஆபீசில் டைப்பிஸ்ட். டெப்போவின் பின்சுவரைத் தாண்டினால் என் ஊர். எங்களுடையது மாதா கோயில் தெரு. அதற்கு அடுத்து கவுண்டர்கள் வீடுகள். அதற்கும் அப்பால் கன்னடம் பேசுகிற சில குடும்பங்கள். எல்லோருக்கும் நிலம்தான் பிழைப்பு, கிணறுதான் ஆதாரம்.

மழை தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்தது. கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க, டெப்போவை ஒட்டிய கிணறுகளில் மிச்சமிருந்த தண்ணீரில் டீசல் வாடை வர ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது எங்கள் சித்தப்பாவின் மனைவி லூர்துமேரிச் சின்னம்மாவுக்கு. அவள் சேந்திய வாளியில் தண்ணீரின் மேல் பல வண்ணத்தில் ஓர் ஆடை மிதந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வாரத்துக்குள் பக்கத்துக் கிணறுகளிலும் அதே கதை. ஊர் கிளம்பிப்போய் டெப்போ கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது. உள்ளே இருந்த லாரி வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்த லாரி உள்ளே போக முடியவில்லை. மேனேஜர் சென்னைக்கு டிரங்க் கால் போட்டார். அதற்குப் பிறகுதான் அவர் வந்தார்.

அவருக்காக ஜீப் அனுப்பியிருந்தார்கள். அவரோ தர்மபுரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லி. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பேண்ட் இடுப்பில் நிற்காது. ஆபீசுக்குள் வரவில்லை. கையிலிருந்த பையைக் கேட்டோரம் வைத்துவிட்டு, நேராகப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றார்.

முதலில் திட்டினார்கள். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, திட்டுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வேர்வையைக்கூட, பேசுகிறவர் நிறுத்திய பிறகுதான் துடைத்தார். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்பார். அத்தனை பேரும் சொல்லி முடித்த பிறகு, "வேற?" என்று கேட்பார். அந்த "வேற"யில் ஜனங்கள் எங்கெங்கோ போய்விடுவார்கள். கிணற்றில் ஆரம்பித்தது கடன், மகள் கல்யாணம், சந்தையில் பாதி விலைக்குப் போன மாடு என்று நீளும். எல்லாவற்றையும் கேட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். லாரிகள் கிளம்பின. அவர் எந்த வாக்குறுதியும் கொடுத்திருக்கவில்லை என்பது ஊருக்கு உறைக்கவே சில நாள் ஆனது.

என் அம்மா ஓசூர்ப் பக்கம் என்பதால் எனக்குக் கன்னடம் வரும். அதனால் அவர் ஊருக்குள் போகும்போதெல்லாம் என்னையும் கூட அனுப்பினார்கள். கன்னடக்காரர் வீடுகளில் அவர்கள் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். ஆனால் நான் தமிழில் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்க மாட்டார், சொன்னவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வயிற்றுப் புண் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பார். ஆனாலும் எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் சாப்பிடுவார். களியும் காரக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார். மறுநாள் அதே வீட்டில் மறுபடி சாப்பிடுவார். ஜீப் நகர்ந்தவுடன் தூங்கிவிடுவார். வாய் திறந்திருக்கும். பகல் முழுக்கப் பிறருடைய துக்கத்தைச் சுமந்த முகம் தூக்கத்தில் வெறும் தோலாகத் தொங்கும்.

எத்தனை ஊரில் இந்த வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். யோசித்தார். கடற்கரையில் எண்ணெய் கொட்டி மீனவர்கள் கப்பலைச் சூழ்ந்துகொண்டபோது அவரைத்தான் அனுப்பினார்களாம். ஏதோ ஓர் ஊரில் கேஸ் கசிந்தபோதும் அவர்தானாம்.

"ஜனம் எங்க கோபப்பட்டாலும் என்னை அனுப்பிடுவாங்கம்மா. சத்தம் போட்டவங்க எல்லாம் கடைசியில என்னை நல்ல மனுஷன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றார். அதில் பெருமை எதுவும் தெரியவில்லை. நாள்பட்ட தலைவலியைப் பற்றிச் சொல்கிற குரல் அது.

மாதையன் கவுண்டர் என்று ஒருவர் ஊரில் இருந்தார். அவர் சொன்ன புகார் எல்லோருடைய புகாரைப் போலவும் இல்லை. கிணற்றை விடுங்கள், மழை நின்றதே உங்கள் எண்ணெயால்தான் என்றார். இத்தனை லாரி, இத்தனை பம்புசெட்டு, இத்தனை புகை. மேலே போகிற புகையெல்லாம் எங்கே போகும், மேகத்தைச் சுட்டுக் கலைக்காமல் விடுமா என்று கேட்டார். ஊர்க்காரர்களே சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கேட்டுக்கொள்ள வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. கவுண்டரின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்தது வழக்கமான பொறுமை அல்ல. கொஞ்சம் பயந்தாற்போல இருந்தது.

ஊரைச் சமாதானப்படுத்தக் கம்பெனி செய்ததெல்லாம் அவர் மூலமாகத்தான் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகைகள் வந்தன. வாலிபர்களுக்கு வாலிபால் வந்தது. குடிதண்ணீருக்கு ஒரு லாரி வந்தது. அது பழைய டீசல் லாரி. கழுவி, வெள்ளையடித்து, தண்ணீர் நிரப்பி அனுப்பினார்கள். அந்தத் தண்ணீரிலும் ஒரு வாடை இருந்தது. வேறு வழியில்லாமல் குடித்தோம். கடைசியாக மரக்கன்றுகள் வந்தன. நெடுஞ்சாலையின் இருபுறமும் வேம்பும் புங்கனும் நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வர்ணமடித்த இரும்புக் கூண்டு வைத்தார்கள். கூண்டுக்குக் கூண்டு கம்பெனியின் பெயர்.

மரம் நடுவதையொட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம், இயற்கையைக் காப்போம் என்று பேனர். தாசில்தார் வந்திருந்தார். கூட்டம் முடியப்போகிற நேரத்தில், தர்மபுரிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த பௌதிக விரிவுரையாளர் ஒருவர் எழுந்து நின்றார். இளைஞர். பேசப் பேச மூச்சு வாங்கியது. எண்ணெயும் நிலக்கரியும் எரிகிற புகை வானத்தில் சேர்ந்து, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, பூமி மெல்ல மெல்லச் சூடாகிறது, மழை பெய்கிற விதமே மாறிவிடக்கூடும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், இதற்குக் கம்பெனியின் பதில் என்ன என்று கேட்டார். மாதையன் கவுண்டர் பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். தான் சொன்னதைப் படித்தவர் ஒருவர் சொல்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

மேடையில் மேனேஜர் மக்கள் தொடர்பு அதிகாரியைப் பார்த்தார். இவர் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார். நல்ல கேள்வி கேட்ட விரிவுரையாளருக்கு நன்றி சொன்னார். இதைப் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். இந்த வருடம் இந்த ஊரில் மழை பெய்யாததற்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் இயற்கையின் மேல் எங்களுக்கு அக்கறை இருக்கிறது, அதனால்தான் மரம் வைக்கிறோம் என்றார். கை தட்டினார்கள். விரிவுரையாளர் இன்னும் ஏதோ கேட்க வாய் திறந்தார். அதற்குள் நாட்டுப்பண் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அன்று ஜீப்பில் அவர் தூங்கவில்லை. வறண்டு கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த வாத்தியார் சொன்னது பொய்யா சார் என்று நான்தான் கேட்டேன்.

"பொய் இல்லம்மா. எங்க ஹெட் ஆபீஸ்ல இருக்கிற என்ஜினியர்களே அதைப் பேசிக்கிறாங்க. கேன்டீன்ல டீ குடிக்கிறப்ப பேசுவாங்க. மேல ஆபீசுக்கு வந்தா பேச மாட்டாங்க."

"அப்ப நீங்க மேடையில சொன்னது?"

"அதுவும் பொய் இல்ல. ஆராய்ச்சி பண்றாங்கன்னு சொன்னேன், நிஜம்தான். இந்த வருஷத்து மழையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னேன், அதுவும் நிஜம். மரம் வெச்சோம், நீயே பார்த்தே." கொஞ்ச தூரம் போன பிறகு, "அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லல" என்றார்.



அவரை எங்கள் தெருவில் எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஒருத்தியைத் தவிர. லூர்துமேரிச் சின்னம்மா அதிகம் பேசாதவள். மற்றவர்களோடு உட்கார்ந்து அவளும் தன் கிணற்றைப் பற்றி அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருநாள் எங்கள் வீட்டு அடுப்படியில் என் அம்மாவிடம் சொன்னாள்: "அந்தாளுகிட்ட சொல்லிட்டு வூட்டுக்கு வந்தா மனசு லேசாயிடுதுக்கா. நல்லா தூக்கம் வருது. காலையில போயிக் கெணத்தை எட்டிப் பார்த்தா அப்படியே நாறிக்கிட்டு கெடக்குது. சொல்லச் சொல்ல நம்ம கோவந்தான் தீருது. இனிமே சொல்ல மாட்டேன்."

கலெக்டர் மரக்கன்றுகளைப் பார்க்க வரப்போகிறார் என்று செய்தி வந்தது. கன்றுகள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. தண்ணீர் லாரியைச் சாலைக்கு அனுப்பச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டார். ஊருக்கு வர வேண்டிய லாரி கூண்டு கூண்டாக நின்று ஊற்றிக்கொண்டே போனது. முதல் நாள் பொறுத்தார்கள். மறுநாள் காலையும் லாரி ஊருக்குள் வரவில்லை. சின்னம்மா தன் குடங்களை எடுத்துக்கொண்டு போய் நெடுஞ்சாலையின் குறுக்கே வரிசையாக வைத்தாள். தண்ணீர் லாரி நின்றது. அதற்குப் பின்னால் டெப்போவிலிருந்து வந்த டேங்கர்கள் நின்றன. தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வந்தார்கள். ஆண்கள் பின்னால் வந்தார்கள்.

வழக்கம்போல அவரை அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். அவர் கொதிக்கிற தார்ச்சாலையில், குடங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, கேட்டுக்கிறேன்."

சின்னம்மா அவரைப் பார்த்தாள். பேசவில்லை. அவர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். எத்தனையோ ஊரில் எத்தனையோ வாய்களை அப்படித்தான் திறந்திருக்கிறார். "வேற யாராவது சொல்றீங்களா?" என்று சுற்றிலும் பார்த்தார். மாதையன் கவுண்டர் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். சின்னம்மா கையை மட்டும் தூக்கினாள். அவர் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. லாரி டிரைவர்கள்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தப் பொறுமை இருந்தது. பிறகு அது எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது. பாக்கெட்டைத் தடவினார். பிஸ்கட்டை எடுத்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மூணாவது டேங்க்ல அடித்தகடு இத்துப்போச்சும்மா. அது வழியாத்தான் டீசல் மண்ணுக்குள்ள எறங்குது. கம்பெனிக்குத் தெரியும். மாத்தணும்னா டெப்போவை நிறுத்தணும், அதனால தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. நான் இங்க வர்றதுக்கு முந்தியே தெரியும்."

"உங்களுக்குங்க?" என்றாள் சின்னம்மா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதான் இத்தனை நாளும் எங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருந்தீங்களா சாரு?"

"ஆமாம்மா."

அவள் திட்டவில்லை. குனிந்து தன் குடங்களை ஒவ்வொன்றாக ஓரத்தில் எடுத்து வைத்தாள். தண்ணீர் லாரியை ஊருக்குள் விடச் சொன்னாள். அது போனதும் குடங்களை மறுபடி குறுக்கே வைத்தாள்; டேங்கர்களை விடவில்லை. ஆண்கள் அங்கிருந்தே தாசில்தார் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். இந்தத் தடவை அங்கே சொல்வதற்கு அவர்களிடம் வாடை மட்டுமல்லாமல் இன்னொன்றும் இருந்தது.

டேங்கைக் காலி செய்தார்கள். சேலத்திலிருந்து ஆள் வந்து அடித்தகட்டைப் புதிதாகப் போட்டார்கள். ஊருக்கு மேற்கே, டெப்போவிலிருந்து நல்ல தூரத்தில், கம்பெனி ஒரு போர் போட்டுக் கைப்பம்பு வைத்துக் கொடுத்தது. தண்ணீர் சுத்தமாக வந்தது. பெண்கள் அதுவரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. நடந்தார்கள்.

அவரை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று ஆபீசில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் பேப்பரில் வேறு மாதிரி செய்தி வந்தது. டேங்கில் இருந்த பழுதைக் கம்பெனி தானாகவே முன்வந்து மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னது, உடனே சரி செய்தது, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடிநீர் வசதியும் செய்து கொடுத்தது என்று போட்டிருந்தார்கள். கீழே கைப்பம்பின் படம். சில நாள் கழித்து அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு. புதிதாகச் சேருகிற அதிகாரிகளுக்கு, ஜனங்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வேலை.

கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார். வாழ்த்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"வேலை போயிடும்னு வீட்ல சொல்லி வெச்சிருந்தேன் ஜெசிந்தா. என் சம்சாரம் சரின்னுட்டா. பொண்ணு காலேஜை ஒரு வருஷம் நிறுத்திக்கலாம்னுகூடச் சொன்னா. அவ்வளவு தயாரா இருந்தோம்" என்றார். "வயித்துக்குள்ள கெடந்த ஒண்ணைப் பிச்சு எடுத்துக் கொடுத்தேன். அதையும் துடைச்சுக் கண்ணாடி அலமாரியில வெச்சுட்டாங்க."

 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே கிளம்பிவிட்டார்.

அடுத்த ஆண்டு மழை பெய்தது. ஐப்பசியில் விடாமல் பெய்தது. கிணறுகளில் ஊற்றெடுத்து நீர் மேலேறியது. மண்ணில் இறங்கிக் கிடந்த டீசலும் அதோடு சேர்ந்து மேலே வந்தது. சின்னம்மாவின் கிணறு குனிந்து அள்ளுகிற அளவுக்கு நிரம்பி நின்றது. எந்த மாடும் கிட்டே போகவில்லை. நிலம் நனைந்தும் அவளால் அந்தத் தண்ணீரை நம்பி ஒன்றும் விதைக்க முடியவில்லை. சித்தப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மறுபடி வந்தார். ஜீப்பில், இளம் அதிகாரிகள் சிலரோடு. அந்தப் பிள்ளைகளுக்கு வெளுத்த சட்டை, கையில் பேனா. டெப்போவைச் சுற்றிக் காட்டிவிட்டு ஊருக்குள் கூட்டிவந்தார். மேனேஜர் என்னையும் அனுப்பிவைத்தார். அவர் இன்னும் மெலிந்திருந்தார். சின்னம்மா வீட்டுக் களத்தில் நின்று, அன்றைக்குச் சாலையில் நடந்ததை இங்கிலீஷில் அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். ஜனங்கள் பேச மறுத்தால் என்ன செய்வது, எந்த இடத்தில் உண்மையைச் சொல்வது, சொன்ன பிறகு அதை எப்படிக் கொண்டுபோவது என்று வரிசையாகச் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். சொல்லும்போது அவர் சின்னம்மாவைப் பார்க்கவில்லை. ஒருவரைப் பார்க்காமல் அவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சின்னம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் என்னிடம் கேட்டாள்.

"என்னாம்மா சொல்றாரு?"

"உங்க கதையைத்தான் சொல்றாரு சின்னம்மா."

"முடிஞ்சு போச்சுன்னா சொல்றாரு?"

அவர் காதில் அது விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது. இளைஞர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், அப்புறம் என்ன நடந்தது என்று இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டான். அவர் களத்தைத் தாண்டி, நிரம்பிக் கிடந்த கிணற்றைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். அவள் புளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லப்போவதைக் கேட்பதற்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நேரமாகிறது, தர்மபுரியில் சாப்பாடு சொல்லியிருக்கிறது, போகலாம் என்று அவர் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னார்.